கழுத்து நரம்பில் ஒரு பேஸ்மேக்கர்

காது குடையும்போது சிலருக்குத் திடீர்னு இருமல் வரும். காதுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். சம்பந்தம் இருக்கு. காதுத் துளையின் தோலில் ஒரு சின்னக் கிளை நரம்பு வந்து முடிகிறது. அதன் தாய் நரம்பு மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, குரல்வளை, நுரையீரல், இதயம், இரைப்பை, குடல் என்று வழியில் இருக்கிற எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போகிறது. காதைச் சீண்டினால், தொண்டையில்தான் ஏதோ சிக்கிவிட்டது என்று மூளை தப்பாக எடுத்துக்கொண்டு இருமச் சொல்கிறது.

அந்தத் தாய் நரம்பின் பெயர் வேகஸ். லத்தீனில் அலைந்து திரிவது என்று அர்த்தம். நாடோடி நரம்பு என்று சொல்லலாம்.

கொஞ்ச காலமாக ரீல்ஸில் இந்த நரம்புக்குப் பெரிய மவுசு. ஐஸ் தண்ணியில் முகத்தை முக்குங்க, வாயை மூடி ஹம் பண்ணுங்க, வேகஸ் 'ரீசெட்' ஆகிடும், கவலையெல்லாம் ஓடிடும்னு ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை என்று பார்க்கப் போய்த்தான் நான் வேறொரு கதைக்குள் விழுந்தேன். அது ஐஸ் தண்ணிக் கதை இல்லை. நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு கருவியைப் புதைத்து, கழுத்தில் ஓடும் வேகஸைச் சுற்றிக் கம்பி போட்டு, எந்த மருந்துக்கும் அசையாத மனச்சோர்வுக்கு மின்சாரம் கொடுக்கிற சிகிச்சையின் கதை. அதன் முக்கியமான சோதனை தோற்றது. ஆனாலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்த பிறகு காசு கொடுக்க ஆள் இல்லை. 20 வருஷம் கழித்து இன்னொரு பெரிய சோதனை நடந்தது. அதிலும் நேரான பதில் வரவில்லை. நடுவில் சிக்கியவர்கள் நோயாளிகள்.

ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம்.

பன்றியும் தவளையும்

இரண்டாம் நூற்றாண்டில் ரோம் நகரத்தில் கேலன் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவர் செய்து காட்டிய ஒரு பரிசோதனை ரொம்பப் பிரசித்தம். கட்டிப்போட்ட பன்றி கத்திக்கொண்டிருக்கும். கழுத்தில் இருக்கும் மெல்லிய நரம்பு ஒன்றை அவர் துண்டிப்பார். பன்றி துடிக்கும், ஆனால் சத்தம் வராது. குரல் நெஞ்சிலிருந்து வருகிறது, இதயத்திலிருந்து வருகிறது என்றெல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், குரலை ஆள்வது மூளைதான் என்பதற்கு இது நிரூபணம். அவர் வெட்டியது வேகஸின் ஒரு கிளை. இந்தக் கிளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும்.

1845-ல் ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள் வேகஸில் மின்சாரம் செலுத்தினால் இதயத்துடிப்பு மெதுவாகிறது, நின்றேகூடப் போகிறது என்று காட்டினார்கள். நரம்பைத் தூண்டினால் உறுப்பு வேகமெடுக்கும் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிரேக் போடுகிற நரம்பும் உண்டு என்பது அன்றைக்குப் புதுச் செய்தி.

அந்த பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆட்டோ லோவி கண்டுபிடித்தார். ராத்திரி கனவில் ஒரு பரிசோதனை வந்ததாம். எழுந்து குறித்து வைத்தார். காலையில் பார்த்தால் தன் கிறுக்கல் தனக்கே புரியவில்லை. அடுத்த ராத்திரி அதே கனவு திரும்ப வந்தபோது, விடிவதற்குக் காத்திருக்காமல் நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். இது அவரே பிற்காலத்தில் சொன்னது. ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி அதை மெதுவாக்கினார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, வேகஸே இல்லாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. அப்படியானால் நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. 1921-ல் வெளியான இந்த ஆய்வுக்காக 1936-ல் நோபல் பரிசை ஹென்றி டேலுடன் பகிர்ந்துகொண்டார். அந்த ரசாயனம்தான் அசிட்டைல்கோலின்.

இதுவரை எல்லாமே ஒரே திசையில்தான் போகிறது, கவனித்தீர்களா? மூளை உத்தரவு போடும், வேகஸ் கொண்டுபோய்ச் சேர்க்கும், உறுப்பு கேட்கும். 1930-களில்தான் மறுபக்கம் தெரிய வந்தது. பூனையின் வேகஸை நுண்ணோக்கியில் வைத்து இழை இழையாக எண்ணிப் பார்த்தபோது, பெரும்பாலான இழைகள் மேல்நோக்கிப் போவதாகத் தெரிந்தது. இன்று பாடப்புத்தகங்கள் சொல்வது ஏறக்குறைய 80 சதவீதம். கலெக்டர் ஆபீஸிலிருந்து வரும் உத்தரவைவிட அங்கே போகும் மனுக்கள் அதிகம் என்கிற மாதிரி. 1938-ல் பெய்லியும் பிரெமரும் பூனையின் வேகஸைத் தூண்டி, மூளையின் முன்பகுதியில் மின்னலைகள் மாறுவதைப் பதிவு செய்தார்கள்.

கழுத்தில் ஒரு கம்பியைத் தொட்டால் மண்டைக்குள் ஏதோ மாறுகிறது. மண்டையோட்டைத் திறக்கவே வேண்டாம். இந்தச் சிகிச்சையின் மொத்த ஆசையும் இந்த ஒரு வரியில் இருக்கு.

வலிப்புக்காக வந்த கருவி

முதலில் முயன்றது 1880-களில், நியூயார்க்கில். ஜேம்ஸ் லியோனார்ட் கார்னிங் என்ற நரம்பியல் மருத்துவர். மூளைக்கு ரத்தம் அதிகமாகப் பாய்வதால்தான் வலிப்பு வருகிறது என்று அவர் நம்பினார். கழுத்து ரத்தக்குழாயை இருபக்கமும் அழுத்த கவட்டை மாதிரி ஒரு கருவி செய்தார். அதோடு சேர்த்து கழுத்தின் மேல்தோல் வழியாக மின்சாரமும் கொடுத்தார். நோயாளிகளுக்குத் தலைசுற்றல் வந்தது, நாடித்துடிப்பு குறைந்தது. கொள்கையும் தப்பு. சீக்கிரமே மறந்துபோனார்கள்.

நூறு வருஷம் கழித்து, பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் சபாரா என்ற உடலியங்கியல் ஆய்வாளர் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். நாய்களுக்கு ஸ்ட்ரிக்னின் கொடுத்து வலிப்பை வரவழைத்து, வேகஸைத் தூண்டிப் பார்த்தார். வலிப்பு நின்றது. 1987-ல் பேஸ்மேக்கர் தொழிலில் இருந்து வந்த ரீஸ் டெரி என்பவரோடு சேர்ந்து ஹூஸ்டன் பக்கத்தில் சைபரானிக்ஸ் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. 1988 நவம்பரில் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில், கிஃபின் பென்ரியின் குழு முதல் மனிதருக்குக் கருவியைப் பொருத்தியது.

கருவி எப்படி இருக்கும்? பார்த்தால் பேஸ்மேக்கரேதான். பழைய காலத்துப் பாக்கெட் கடிகாரம் அளவு. இடது காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைப்பார்கள். அங்கிருந்து ஒரு கம்பி தோலுக்கடியிலேயே கழுத்துக்கு ஏறும். அதன் முனை ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு இடது வேகஸைச் சுற்றிக்கொள்ளும். இடதுதான், ஏன் என்றால் வலது வேகஸ் இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கிற இடத்துக்கு அதிகமாகப் போகிறது. வெபர் சகோதரர்களின் அனுபவத்தை மறக்க முடியாது இல்லையா? வழக்கமான அமைப்பில் 30 வினாடி மின்சாரம், 5 நிமிஷம் ஓய்வு, திரும்ப 30 வினாடி. ராத்திரி பகல் எல்லா நேரமும். மின்னோட்டம் ஒன்று, ஒன்றரை மில்லிஆம்பியர் அளவில்தான் இருக்கும். டாக்டர் வெளியிலிருந்தே ஒரு சின்னக் கருவியை நெஞ்சருகே வைத்து அளவை மாற்றலாம். தொந்தரவாக இருந்தால் நோயாளியே ஒரு காந்தத்தை நெஞ்சின் மேல் வைத்து நிறுத்திக்கொள்ளலாம்.

1994-ல் ஐரோப்பாவிலும், 1997 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.விடமும் வலிப்புக்கு அனுமதி கிடைத்தது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்கு இன்றைக்கும் இது வழக்கமான ஒரு சிகிச்சை. வலிப்பை முழுசாக நிறுத்திவிடாது, பலருக்குக் குறைக்கும்.

மனசு லேசானதாகச் சொன்னார்கள்

வலிப்புச் சோதனைகளின்போது ஒரு எதிர்பாராத விஷயம் தென்பட்டது. சில நோயாளிகள், மனசு கொஞ்சம் லேசா இருக்கு என்றார்கள். பார்த்துக்கொண்ட ஊழியர்களும் அதையே கவனித்தார்கள். வலிப்பு குறைந்ததால் வந்த சந்தோஷம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் வலிப்பு பெரிதாகக் குறையாதவர்களிடமும் இது தெரிந்தது. 2000-ல் இதை முறையாக அளந்த கட்டுரைகளும் வந்தன.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் எல்லாம் மனநிலைக் கோளாறுகளுக்கும் கொடுக்கப்படுகிறவை. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளிலேயே பலமானது என்று சொல்லப்படும் இ.சி.டி., அதாவது நாம ஷாக் ட்ரீட்மென்ட் என்று சொல்வது, வலிப்பை வரவழைத்துச் செய்வது. தொடர்ந்து செய்தால் அடுத்த வலிப்பை வரவழைப்பது கடினமாகிறது. வலிப்புக்கும் மனநிலைக்கும் மூளையில் ஏதோ பொதுவான தடம் இருக்கு. வேகஸ் மேலே போய்ச் சேரும் இடத்திலிருந்து நாரட்ரினலின், செரடோனின் இரண்டையும் சுரக்கும் மையங்களுக்கு இணைப்பு உண்டு. மாத்திரைகள் தட்ட நினைக்கும் அதே கதவுகள்.

1998 ஜூலையில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மார்க் ஜார்ஜின் குழு, மனச்சோர்வுக்காகவே முதல் கருவியைப் பொருத்தியது.

இங்கே கொஞ்சம் நின்று, யாருக்காக இதெல்லாம் என்று சொல்லிவிடணும். மனச்சோர்வு என்றாலே நாலு நாள் சோகம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே பேசவில்லை. 2001-ல் தொடங்கி 4,000-க்கும் மேற்பட்டவர்களோடு அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற ஆய்வில், முதல் மருந்திலேயே முழுசாகக் குணமானவர்கள் மூன்றில் ஒரு பங்கு. நாலு சுற்று மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்த்தபின் மூன்றில் இரண்டு பங்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கே ரொம்பத் தாராளம் என்று பின்னால் விமர்சனம் வந்தது. தாராளமாக வைத்துக்கொண்டாலும் மூன்றில் ஒருவர் மிச்சம். அதற்கு அப்புறமும் ஒன்றுமே கேட்காதவர்கள் உண்டு. பத்து மருந்து, ஷாக், பேச்சு சிகிச்சை எல்லாம் முடித்து, பத்து இருபது வருஷமாகப் படுக்கையிலிருந்து எழுவதே வேலையாக இருப்பவர்கள். இந்தச் சிகிச்சை அவர்களுக்காக.

முதல் ஆய்வுக்கு டி-01 என்று பெயர். 30 பேர். எல்லாருக்கும் கருவி போட்டு எல்லாருக்கும் மின்சாரம் கொடுத்தார்கள். ஒப்பிட யாரும் இல்லை. பத்து வாரத்தில் 40 சதவீதம் பேருக்கு நோயின் அளவு பாதிக்குப் பாதி குறைந்தது. இன்னொரு 30 பேரைச் சேர்த்தபோது அது 30 சதவீதம் ஆனது. ஒரு விஷயம் உறுத்தியது: ஏழு மருந்து முயற்சிகளுக்கு மேல் தோற்றுப்போயிருந்த 13 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. யாருக்கு மிக அவசியமோ அவர்களுக்கே கிடைக்கவில்லை. ஆனாலும் மொத்தக் கணக்கு நம்பிக்கை கொடுத்தது. 2001-ல் ஐரோப்பாவும் கனடாவும் அனுமதி கொடுத்துவிட்டன.

17 பேரும் 11 பேரும்

அடுத்தது டி-02. இதுதான் உண்மையான பரீட்சை. 235 பேருக்கு ஆபரேஷன் செய்து கருவி பொருத்தினார்கள். சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கருவியை இயக்கினார்கள். மறுபாதிக்கு நெஞ்சில் கருவி இருக்கும், மின்சாரம் வராது. யாருக்கு ஓடுகிறது, யாருக்கு ஓடவில்லை என்று நோயாளிக்கும் மதிப்பிடுகிறவருக்கும் தெரியக்கூடாது.

பத்து வாரம் முடிந்து, கணக்கில் எடுத்துக்கொண்ட 222 பேரில், மின்சாரம் கிடைத்த 112 பேரில் 17 பேர் தேறியிருந்தார்கள். கிடைக்காத 110 பேரில் 11 பேர். 15 சதவீதம், 10 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம். அதாவது, முக்கியமான அளவுகோலில் சோதனை தோற்றது. நோயாளியே நிரப்பிய இன்னொரு கேள்வித்தாளில் மட்டும் 17-க்கு 7 என்ற சதவீத வித்தியாசம் வந்தது. அது இரண்டாம் நிலை அளவுகோல்தான்.

இங்கேதான் கேலனின் பன்றி திரும்ப வருகிறது. வேகஸைத் தூண்டும்போது குரல்வளைக்குப் போகும் அதே கிளையும் தூண்டப்படுகிறது. அதனால் மின்சாரம் ஓடும் அந்த 30 வினாடியில் பலருக்குக் குரல் கம்மிவிடும். சிலருக்கு இருமல், மூச்சு வாங்குதல், கழுத்து வலி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை உங்கள் குரல் தானாக மாறினால், உங்களுக்குக் கருவி ஓடுகிறதா இல்லையா என்று ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நோயாளி தானே மதிப்பெண் போடுகிற கேள்வித்தாளில் அந்த ஊகமும் கலந்துவிடலாம். கருவியின் பக்கவிளைவே சோதனையின் ரகசியத்தை உடைக்கிறது.

கம்பெனி விடவில்லை. பத்து வாரம் போதாது, இந்தச் சிகிச்சை மெதுவாக வேலை செய்வது என்றார்கள். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. வலிப்பிலும் பலன் மாதக்கணக்கில்தான் கூடியது. டி-02-வில் பத்து வாரத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் கருவியை இயக்கி ஒரு வருஷம் பார்த்தார்கள். தேறியவர்கள் 27 சதவீதம் ஆனார்கள். ஒப்பிடுவதற்கு, கருவி இல்லாமல் வழக்கமான சிகிச்சை எடுத்துக்கொண்ட 124 பேரைத் தனியாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 13 சதவீதம்.

27-க்கு 13. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த இரண்டு கூட்டமும் குலுக்கல் முறையில் பிரிந்தவை இல்லை. ஒரு கூட்டம் ஆபரேஷன் வரைக்கும் துணிந்து வந்தது, அடிக்கடி ஆய்வுக் குழுவைச் சந்தித்தது, கருவி ஓடுகிறது என்று தெரிந்தே இருந்தது. இன்னொரு கூட்டத்துக்கு எதுவும் புதுசாகக் கிடைக்கவில்லை. இரு பக்கமும் மருந்துகளையும் மாற்றிக்கொண்டார்கள். இந்த 14 சதவீத வித்தியாசத்தில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு, மற்றதின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியே கிடையாது.

ஒரு கையெழுத்து

2004 ஜூன் 15-ல் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு கூடியது. தேறிய நோயாளிகள் நேரில் வந்து பேசினார்கள். ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அனுமதிக்கப் பரிந்துரை. ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. அனுமதிக்க முடியாது என்று கடிதம் அனுப்பியது. 2005 பிப்ரவரியில் நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று மாறியது. 2005 ஜூலை 15-ல் அனுமதி கொடுத்தது: 18 வயதுக்கு மேல், நாள்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு, குறைந்தது நாலு சிகிச்சைகள் பலன் தராதவர்களுக்கு.

நடுவில் என்ன நடந்தது என்பது அடுத்த வருஷம் வெளியே வந்தது. 2006 பிப்ரவரியில் செனட் நிதிக் குழுவின் தலைவர்கள் கிராஸ்லியும் பாகஸும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட எஃப்.டி.ஏ. விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் இந்தக் கருவிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். கருவிகள் பிரிவின் இயக்குநர் டேனியல் ஷுல்ட்ஸ் அவர்கள் எல்லாரையும் மீறிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஷுல்ட்ஸ் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை: இந்த நோயாளிகளுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை, கருவி ஓரளவு பாதுகாப்பானது என்று வலிப்பு நோயாளிகளிடம் தெரிந்திருக்கிறது, பலன் கிடைக்கிற சிலருக்கு ஏன் மறுக்கணும் என்பது.

கம்பெனியின் நடத்தைதான் அந்த நியாயத்தைக் கெடுத்தது. ஆலோசனைக் குழு ஆதரவாக வாக்களித்த அதே நாள் சாயங்காலம், பங்கின் விலை ஏறுவதற்கு முன்னால், அன்றைய விலையிலேயே நிர்வாகிகளுக்குப் பங்கு உரிமைகள் ஒதுக்கப்பட்டன. மறுநாள் பங்கு எகிறியது. இது விசாரணைக்கு வந்து, 2006 நவம்பரில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். அதே வருஷம் ஒரு முன்னணி மனநல ஆய்விதழில் இந்தச் சிகிச்சையைப் பாராட்டி ஒரு கட்டுரை வந்தது. எழுதிய பேராசிரியர்கள் கம்பெனியிடம் ஆலோசகர்களாகப் பணம் வாங்குகிறவர்கள் என்பதைக் கட்டுரையில் சொல்லவில்லை. முதல் பெயராக இருந்தவர் அந்த இதழின் ஆசிரியரே. அவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டியதாயிற்று.

இது மாதிரி நடந்தால் என்ன ஆகும்? உண்மையாகவே தேறியவர் சொல்வதைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

பேட்டரி தீர்ந்தால்?

அனுமதி என்பது விற்கலாம் என்ற உரிமை மட்டும்தான். வாங்க யாராவது காசு கொடுக்கணும். அப்போது கருவியின் விலையே சுமார் 15,000 டாலர். ஆபரேஷனோடு 25,000 வரைக்கும் போகும். வருஷக்கணக்கில் மனச்சோர்வில் கிடப்பவர்களில் பலருக்கு வேலை இருக்காது. அரசின் மெடிகேர் காப்பீடுதான் கதி. 2007 மே மாதம் மெடிகேர், ஆதாரம் போதாது, மனச்சோர்வுக்கு இதற்குப் பணம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டது. தனியார் இன்சூரன்ஸ்களும் பெரும்பாலும் அதே வழியில் போயின. ஒரு துறை சரி என்றது, இன்னொரு துறை சரியில்லை என்றது. சிகிச்சை புத்தகத்தில் இருந்தது, ஆஸ்பத்திரியில் இல்லை.

இதில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டது. ஏற்கெனவே கருவி பொருத்தி, தேறியும் இருந்தவர்கள். கருவிக்குள் பேட்டரி இருக்கு. சில வருஷத்தில் தீர்ந்துவிடும். மாற்றுவதற்குத் திரும்ப ஆபரேஷன், திரும்பக் கருவியின் விலை. இன்சூரன்ஸ் தராது. இருபது வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக எழுந்து நடமாடிய ஒருவருக்கு, நெஞ்சுக்குள் பேட்டரி தீர்ந்துகொண்டே வருகிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? புள்ளிவிவரப்படி அவருக்குக் கிடைத்தது மின்சாரத்தின் பலனா, நம்பிக்கையின் பலனா என்று யாராலும் சொல்ல முடியாது. அவரை உட்காரவைத்து அந்த விவாதத்தை நடத்த யாருக்கு மனசு வரும்?

2017-ல் ஐந்து வருஷப் பதிவேட்டின் முடிவு வந்தது. மொத்தம் 795 பேர். ஐந்து வருஷத்தில் எப்போதாவது ஒருமுறை தேறியவர்கள், கருவி உள்ளவர்களில் 68 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 41 சதவீதம். இதுவும் குலுக்கல் இல்லாத ஒப்பீடுதான். ஆனால் இவ்வளவு நாள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இந்தத் துறையில் ரொம்பக் குறைவு. அதன் தாக்கத்தில் 2019 பிப்ரவரியில் மெடிகேர் கொஞ்சம் இறங்கி வந்தது: முறையான சோதனையில் சேர்ந்தால் பணம் தருகிறோம். கூடவே, ஏற்கெனவே கருவி வைத்திருப்பவர்களுக்கு பேட்டரி தீர்ந்தால் மாற்றவும் தருகிறோம். இந்த இரண்டாவது வரிக்காகப் பன்னிரண்டு வருஷம்.

அந்தச் சோதனைக்கு ரெக்கவர் என்று பெயர். செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் கான்வே தலைமை. இதற்குள் சைபரானிக்ஸ் இத்தாலியின் சோரினோடு இணைந்து லிவானோவா ஆகியிருந்தது. 84 இடங்களில் 493 பேர். சராசரியாக ஒவ்வொருவருக்கும் 13 சிகிச்சைகள் தோற்றிருந்தன. இந்த முறை பத்து வாரம் இல்லை. முழுசாகப் பன்னிரண்டு மாதம் ஒரு பாதிக்குக் கருவி ஓடாமலே இருந்தது.

2024 டிசம்பரில் முடிவு வந்தது. முக்கிய அளவுகோலில் இரண்டு பிரிவுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. மின்சாரம் கிடைத்தவர்கள் தேறினார்கள், ஆனால் கிடைக்காதவர்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தேறினார்கள். நேரில் பார்த்த மருத்துவர்களின் மதிப்பீடு, நோயாளிகளே போட்ட மதிப்பெண் போன்ற வேறு சில அளவுகோல்களில் மட்டும் மின்சாரத்துக்குச் சாதகமாக வித்தியாசம் வந்தது. 2005-ன் கதை அப்படியே.

எனக்குத் தோன்றுவது

முதலில் நான் இதை ஒரு மோசடிக் கதையாக எழுதத்தான் நினைத்தேன். அதற்கான சரக்கு நிறையவே இருக்கு. படிக்கப் படிக்க அது அவ்வளவு லேசு இல்லை என்று தோன்றியது.

எல்லா வழியும் அடைபட்ட 13 சிகிச்சைக்காரர்கள், ஓடாத கருவியோடும் தேறினார்கள் என்பது எனக்கு ஏமாற்றமாகப் படவில்லை. ஒரு வருஷம் முழுக்க ஒரு குழு அவர்களை விடாமல் பார்த்தது, கேட்டது, குறித்துக்கொண்டது. இவ்வளவு நாள் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். அதற்கும் மனச்சோர்வை அசைக்கிற சக்தி இருக்கலாம் என்றால், தீராத மனச்சோர்வு என்று நாம் சொல்கிறதில் எவ்வளவு பங்கு நோய், எவ்வளவு பங்கு கைவிடப்பட்டது?

அதே நேரம், கருவியால் சிலருக்கு உண்மையான, நீடிக்கிற பலன் கிடைக்கிறது என்பதையும் தள்ளிவிட முடியவில்லை. அது யாருக்கு என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் வழி இல்லை. 2005-ல் கையெழுத்துக்குப் பதிலாக, ரெக்கவர் மாதிரி ஒரு வருஷச் சோதனையை அப்போதே கேட்டிருந்தால், இந்தக் கேள்வியில் 15 வருஷம் முன்னால் போயிருப்போம். இரக்கப்பட்டு அவசரமாகக் கொடுத்த அனுமதி, கடைசியில் அந்த நோயாளிகளுக்கே சிகிச்சை கிடைக்காமல் செய்தது. எனக்கு இந்தக் கதையில் ரொம்ப வலித்தது அதுதான்.

நாடோடி நரம்பு இதற்குள் வேறு ஊர்களுக்கும் போய்விட்டது. 2021-ல் பக்கவாதத்துக்குப் பின் கையை அசைக்கப் பழகும் பயிற்சியோடு சேர்த்து எஃப்.டி.ஏ. இதே மாதிரிக் கருவியை அனுமதித்தது. அதில் நரம்பைத் தூண்டுவது நாள் முழுக்க இல்லை. கை சரியாக அசைகிற அந்த நொடியில் மட்டும். எங்கே தூண்டுகிறோம் என்பதோடு எப்போது தூண்டுகிறோம் என்பதும் முக்கியமோ என்னவோ. மனச்சோர்வில் 30 வினாடி, 5 நிமிஷம் என்ற கணக்கு வலிப்புக் காலத்திலிருந்து அப்படியே வந்தது.

கடைசியாக, ஐஸ் தண்ணி. முகத்தைக் குளிர்ந்த நீரில் முக்கினால் வேகஸ் வழியாக இதயத்துடிப்பு குறையும், அது உண்மைதான். மெதுவாக மூச்சை விட்டாலும் கொஞ்சம் குறையும். நல்லா இருந்தா செய்யுங்க, தப்பில்லை. ஆனால் இதயத்துடிப்பு குறைவது வேறு, மனச்சோர்வு தீர்வது வேறு. நரம்பைச் சுற்றியே கம்பி போட்டு, ஒரு வருஷம் ராத்திரி பகலாக மின்சாரம் கொடுத்தும் தெளிவாகச் சொல்ல முடியாத ஒன்றை, வாஷ் பேசினில் முப்பது வினாடியில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.